திமிங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்: கடல் உயிர்களின் பரிணாமத்தைப் படிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

கடல் உயிர்களின் பரிணாமம் பற்றி வாரத்துக்கு ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. ஒரு நாள் ஆக்டோபஸ், மறுநாள் ஏதோ ஆழ்கடல் புழு. படிக்கும்போது வியப்பாக இருக்கும், பத்து நாள் கழித்து ஒன்றும் நினைவில் இருக்காது. நானும் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் செய்தி மேய்ந்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு விலங்கைப் பிடித்துக்கொண்டு, அதைப் பற்றி எவர் என்ன சொன்னாலும் "எலும்பு என்ன சொல்கிறது, மரபணு என்ன சொல்கிறது" என்று இரண்டு சாட்சிகளையும் விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தத் துறை பிடிபட்டது. அந்த வழியை உங்களுக்கும் சொல்கிறேன்.

உயிரியல் பட்டம் தேவையில்லை. ஒரு போன், ஒரு நோட்டு, ஐந்தாறு மாலைப் பொழுதுகள் போதும். கறிக்கடைக்கு ஒரு நடையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 1: ஒரு விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

என் பரிந்துரை திமிங்கிலம். ஆக்டோபஸ் கவர்ச்சியானதுதான், ஆனால் மெத்தென்ற உடம்பு என்பதால் புதைபடிவம் மிக அரிது. அங்கே எலும்புச் சாட்சி கிட்டத்தட்ட இல்லை. சுறாவுக்குப் பல் நிறையக் கிடைக்கும், உடம்பு குறுத்தெலும்பு என்பதால் மற்றவை குறைவு. திமிங்கிலத்துக்கோ இரண்டு சாட்சியும் கைநிறைய இருக்கின்றன. அதோடு, அதன் முதல் அத்தியாயங்கள் எழுதப்பட்டது நம் துணைக்கண்டத்தில்தான். இன்றைய பாகிஸ்தான், காஷ்மீர், கட்ச் பகுதிகளில் அன்று டெத்திஸ் என்ற பழங்கடலின் கரையும் ஆறுகளும் இருந்தன. அங்கே கிடைத்த எலும்புகள் இல்லாவிட்டால் திமிங்கிலம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் ஊகித்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டே வரி எழுதுங்கள்: திமிங்கிலம் மீனல்ல, பாலூட்டி. ஆகவே கரையில் நடந்த ஏதோ ஒரு நான்குகால் விலங்கின் வழித்தோன்றல். எந்த விலங்கு, எப்படி என்பதுதான் மீதி.

படி 2: மரத்தை ஏணியாகப் படிக்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். "திமிங்கிலத்தின் மிக நெருங்கிய உறவு நீர்யானை" என்று படித்ததும், என் நோட்டில் நீர்யானையிலிருந்து திமிங்கிலத்துக்கு அம்புக்குறி போட்டு வைத்தேன். தப்பு. நீர்யானை திமிங்கிலத்தின் தாத்தா அல்ல, ஒன்றுவிட்ட சகோதரன். இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதை 5 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்தது. அது நீர்யானையும் அல்ல, திமிங்கிலமும் அல்ல.

பழகிக்கொள்ள இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். ஒட்டகம், பன்றி, மாடு, நீர்யானை, திமிங்கிலம் என்று ஐந்தையும் வரிசையாக எழுதுங்கள். வலது ஓரத்திலிருந்து இணைத்து வாருங்கள். முதலில் நீர்யானையும் திமிங்கிலமும் ஒரு கிளையில் சேரும். அந்தக் கிளையோடு மாடு சேரும் (ஆடு, மான், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் மாட்டின் பக்கம்). அதோடு பன்றி, கடைசியாக ஒட்டகம். இப்போது உங்களையே கேளுங்கள்: மாட்டுக்கு நெருங்கிய உறவு பன்றியா, திமிங்கிலமா? திமிங்கிலம்தான். தோற்றத்தைப் பார்த்தால் எவரும் பன்றி என்றுதான் சொல்வார்கள். பரிணாம மரத்தில் தோற்றத்துக்கு மதிப்பில்லை, கிளை எங்கே பிரிகிறது என்பதற்கே மதிப்பு. இதில் தடுமாற்றம் இல்லாத அளவுக்கு வந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். அவசரமில்லை.

டைம்ட்ரீ என்று ஒரு இலவச இணையதளம் இருக்கிறது. இரண்டு உயிர்களின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால், அவற்றின் பொது மூதாதை எவ்வளவு காலத்துக்கு முன் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும். கெளுத்தியும் நீங்களும் எப்போது பிரிந்தீர்கள் என்று பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுது அதிலேயே போய்விடும், போகட்டும்.

படி 3: எலும்புச் சாட்சியை விசாரியுங்கள்

புதைபடிவம் பற்றிய எந்தச் செய்தியிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கிடைத்தது எந்த எலும்பு? "முழு விலங்கின்" படம் போட்டிருப்பார்கள், கிடைத்தது ஒரு தாடையாக இருக்கும்.

பாக்கிசீட்டஸ் என்ற ஆதித் திமிங்கிலம் இதற்கு நல்ல பாடம். 1981இல் புதைபடிவ ஆய்வாளர்கள் பிலிப் கிங்கரிச்சும் டொனால்டு ரஸ்ஸலும் பாகிஸ்தானில் கிடைத்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டு பழைய ஒரு மண்டையோட்டை வைத்து இந்தப் பெயரைச் சூட்டினார்கள். திமிங்கிலம் என்று சொல்ல ஆதாரம் காது. திமிங்கிலங்களின் நடுக்காதைச் சுற்றியுள்ள எலும்பில் ஒரு பக்கம் மட்டும் அசாதாரணமாகத் தடித்திருக்கும். அந்தத் தடிப்பு இதிலும் இருந்தது. அப்போது மண்டையோடு மட்டுமே கையில் இருந்ததால், கடல்நாய் மாதிரி நீந்துவதாக அதை வரைந்தார்கள். 2001இல் உடம்பின் எலும்புகளை ஹான்ஸ் தேவிசன் குழு வெளியிட்டபோது பார்த்தால், ஓநாய் அளவில், நீண்ட மெல்லிய கால்களோடு தரையில் நடந்த விலங்கு! காது திமிங்கிலம், கால் தரைவிலங்கு. இரண்டும் ஒரே உடம்பில்.

இதற்கு அடுத்த கட்டத்தைக் காட்டுவது 1994இல் தேவிசன் குழு அறிவித்த ஆம்புலோசீட்டஸ். பெயரின் பொருளே நடக்கும் திமிங்கிலம். மூன்று மீட்டர் நீளம், பெரிய பாதங்கள், முதலை மாதிரி ஆழமில்லாத நீரில் பதுங்கியிருக்கும் வாழ்க்கை. குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்த கட்சிசீட்டஸை 2000இல் சுனில் பாஜ்பாயும் தேவிசனும் பெயரிட்டார்கள். நீர்நாய் போல நீண்ட வாலுள்ள சின்ன விலங்கு அது. எகிப்தில் வாடி அல்-ஹிடான் என்ற பாலைவனம் இருக்கிறது, பெயருக்குத் திமிங்கிலப் பள்ளத்தாக்கு என்று பொருள். 2005இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியக் களம். அங்கே மணலில் நூற்றுக்கணக்கான திமிங்கில எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. அவற்றில் பாசிலோசாரஸ் சுமார் 15 மீட்டருக்கு மேல் நீளம், முழுக்கக் கடல்வாசி. ஆனால் 1990இல் கிங்கரிச் குழு அதற்குப் பின்னங்கால் இருப்பதைக் கண்டது. முழங்கால், விரல் எல்லாம் சரியாக உண்டு, அளவோ நம் காலைவிடச் சிறியது. அந்தப் பெயரைக் கவனித்தீர்களா? "சாரஸ்" என்றால் பல்லி. 1834இல் அமெரிக்காவில் முதல் எலும்புகளைப் பார்த்த ரிச்சர்டு ஹார்லன் ஊர்வன என்று நினைத்து வைத்த பெயர். பிறகு ரிச்சர்டு ஓவன் பல்லைப் பார்த்துப் பாலூட்டி என்று திருத்தினார். பெயர் மட்டும் விதிப்படி முதலில் வைத்ததே நிலைத்துவிட்டது.

இப்போது கறிக்கடை. ஆட்டின் பின்னங்காலை, முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் மடங்குகிற அந்த மூட்டு உடைபடாமல் கேட்டு வாங்குங்கள். வேகவைத்துச் சதையை எடுத்தால் மூட்டுக்குள் சோழி போலக் கைக்கு அடக்கமான ஒரு எலும்பு வரும். அதன் மேல்முனையும் கீழ்முனையும் கிணற்றுக் கப்பி மாதிரி குழிந்திருக்கும். இந்த இரட்டைக் கப்பி ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை ஆகியவற்றின் முத்திரை. நாய்க்கும் குதிரைக்கும் மேல்முனையில் மட்டும்தான் கப்பி.

2001இல் கிங்கரிச் குழுவும் தேவிசன் குழுவும் தனித்தனியே, நாட்கணக்கு இடைவெளியில், ஆதித் திமிங்கிலங்களின் கணுக்காலை வெளியிட்டன. இரண்டிலும் இருந்தது இந்த இரட்டைக் கப்பி. அதற்கு முன் எலும்பாய்வாளர்கள் பலர், திமிங்கிலம் மெசோனிக்கிட் என்ற அழிந்துபோன குளம்புள்ள ஊனுண்ணிகளிலிருந்து வந்தது என்று பல்லின் வடிவத்தை வைத்துச் சொல்லிவந்தார்கள். கிங்கரிச்சும் அப்படி நினைத்தவர்தான். தன் கையில் வந்த எலும்பே தன் கருத்தை மறுத்தபோது மாற்றிக்கொண்டார். அந்த ஆட்டெலும்பைக் கழுவிக் காயவைத்து என் மேசையில் வைத்திருக்கிறேன். வீட்டில் எப்போது இதைக் குப்பையில் போடுவாய் என்று கேட்கிறார்கள்.

காஷ்மீரில் நடந்ததை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. ஏ. ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியில் சேகரித்த பாறைகளிலிருந்து, 1971இல் இந்தோஹையஸ் என்ற சின்ன விலங்குக்குப் பெயரிட்டார். ஏராளமான பாறைகள் உடைபடாமலே அவர் வீட்டில் கிடந்தன. அவர் மறைந்த பிறகு அவர் மனைவி அவற்றைத் தேவிசனிடம் ஒப்படைத்தார். பல வருடம் கழித்து ஆய்வகத்தில் உதவியாளர் ஒருவர் கைதவறி ஒரு மண்டையோட்டை உடைத்துவிட, உள்ளே தெரிந்தது அந்தத் திமிங்கிலக் காது! 2007இல் அறிவிப்பு வந்தது: பூனை அளவிலான, சருகுமானைப் போன்ற இந்த விலங்குதான் திமிங்கிலங்களுக்கு நாமறிந்த மிக நெருங்கிய அழிந்துபோன உறவு. அதன் கால் எலும்புகள் உள்ளே கனமானவை, நீரில் மிதக்காமல் அடியில் நடக்க உதவும் அமைப்பு. ஆப்பிரிக்காவில் இன்றும் ஒரு சருகுமான் இனம் ஆபத்து வந்தால் ஓடைக்குள் குதித்து மூழ்கிக்கொள்கிறது.

நோட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் மூன்று விஷயம் குறியுங்கள்: எங்கே, எவ்வளவு பழசு, எந்த எலும்பை வைத்துச் சொல்கிறார்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள்.

படி 4: மரபணுச் சாட்சியைக் கூப்பிடுங்கள்

எலும்பாய்வாளர்கள் மெசோனிக்கிட் என்று சொல்லிக்கொண்டிருந்த 1990களிலேயே மரபணு ஆய்வாளர்கள் நீர்யானை என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர்களின் வலுவான ஆதாரம் ஜப்பானின் நொரிஹிரோ ஒகாடா குழுவிடமிருந்து 1997இலும் 1999இலும் வந்தது. அதைப் புரிந்துகொள்ள ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்டவை என்று பதிப்பாசிரியர்கள் முடிவு கட்டுவார்கள். இரண்டு பேர் தனித்தனியே அதே இடத்தில் அதே பிழையைச் செய்யும் வாய்ப்பு மிகக் குறைவு. டிஎன்ஏவிலும் தன்னைத்தானே நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் துண்டுகள் உண்டு. நீர்யானையிலும் திமிங்கிலத்திலும் அதே இடங்களில் அதே துண்டுகள் செருகியிருந்தன, மாட்டிலும் பன்றியிலும் அந்த இடங்கள் காலி.

ஆகச் சாட்சிகள் முரண்பட்டன. சில வருடம் கழித்துக் கணுக்கால் எலும்பு வந்து மரபணுவின் பக்கம் சேர்ந்தது. நீர்யானைக்கு அருகில்தானா என்பதைக் கப்பி எலும்பு மட்டும் சொல்லிவிடாது, மெசோனிக்கிட் கதையை மட்டும் அது முடித்துவைத்தது. அந்த அளவுக்குத்தான் அதைச் சாட்சியாக எடுக்க வேண்டும்.

கடந்த பதினைந்து வருடங்களில் மரபணுப் பக்கம் வந்த சுவையான திருப்பம், இழப்பைத் தேடுவது. புதிதாக என்ன வந்தது என்று தேடுவதைவிட, எது கெட்டுப்போனது என்று தேடுவது எளிது. பயன்படாத மரபணுவில் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும், திருத்த ஆளில்லாத சுவடி மாதிரி. பலீன் திமிங்கிலங்களுக்குப் பல் இல்லை, வடிகட்டும் சல்லடைத் தகடுதான். ஆனால் பல் எனாமல் செய்யும் மரபணுக்கள் அவற்றின் டிஎன்ஏவில் உடைந்த நிலையில் இன்னும் கிடக்கின்றன. கருவில் பல்மொட்டும் தோன்றி மறைகிறது. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, திமிங்கிலங்களும் ஓங்கில்களும் (டால்பின்கள்) பொதுவாக இழந்த 85 மரபணுக்களைப் பட்டியலிட்டது. மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைச் செய்யும் மரபணுக்கள் அதில் உண்டு. ஒரு பக்க மூளை தூங்க மறுபக்கம் விழித்திருக்கும் விலங்குக்கு அது இடைஞ்சல்தான். இரத்தம் உறைவதோடு தொடர்புள்ள சிலவும் போய்விட்டன. ஆழத்தில் மூழ்கும்போது நாளங்களில் கட்டி உண்டாகும் அபாயத்தை அது குறைத்திருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம்.

எல்லா இழப்பும் இலாபமல்ல. 2018இல் வின் மேயர், நேதன் கிளார்க் குழு காட்டியது கொஞ்சம் கவலை தருவது. பி.ஓ.என்.1 என்ற மரபணு திமிங்கிலம், மானட்டீ, சில கடல்நாய்கள் ஆகியவற்றில் தனித்தனியே செயலிழந்திருக்கிறது. தரைப் பாலூட்டிகளில் இது செய்யும் புரதம், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளை உடைக்க உதவுகிறது. மானட்டீயின் இரத்தத்தைச் சோதித்தபோது அந்த வேலை நடக்கவே இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தொலைத்த கருவி இன்று தேவைப்படுகிறது. மானட்டீயின் உறவினம்தான் பாக் நீரிணையின் கடல்பசு, மீனவர்கள் ஆவுளியா என்பது. 2022இல் தமிழ்நாடு அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. வயலில் தெளித்த மருந்து மழைநீரோடு கடலுக்கு வருவது பற்றிப் படிக்கும்போது இந்த மரபணுவையும் நினைவில் வையுங்கள்.

படி 5: ஒருமுறையாவது நீங்களே எண்ணிப் பாருங்கள்

படித்துக்கொண்டே இருந்தால் நம்பிக்கை வராது. இதைச் செய்ய அரைமணி நேரம் ஆகும்.

யூனிப்ராட் என்ற இலவசப் புரதத் தரவுத்தளத்தைத் திறந்து, மயோகுளோபின் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அது தசையில் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் புரதம், கறிக்குச் சிவப்பு நிறம் தருவது. உலகில் முதன்முதலாக முப்பரிமாண வடிவம் கண்டறியப்பட்ட புரதமும் இதுதான், அதுவும் எண்ணெய்த் திமிங்கிலத்தினுடையது (அம்பர்கிரிஸ் பிடிபட்டது என்று செய்தி வருகிறதே, அந்தத் திமிங்கிலம்). ஜான் கெண்ட்ரூ 1958இல் செய்தார், 1962இல் நோபல் கிடைத்தது.

எண்ணெய்த் திமிங்கிலத்தின் வரிசையையும் மாட்டின் வரிசையையும் எடுங்கள். ஒவ்வொன்றும் 154 எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம். கே, ஆர் இரண்டும் நேர்மின்னூட்டம் உள்ளவை. டி, ஈ இரண்டும் எதிர்மின்னூட்டம். இரண்டு விலங்குக்கும் தனித்தனியே எண்ணுங்கள். நான் எண்ணியபோது மாட்டுக்கு நேர் 20, எதிர் 21. திமிங்கிலத்துக்கு நேர் 23, எதிர் 21. உங்களுக்கு வேறு எண் வந்தால், முதலில் நிறுத்தி மறுபடி எண்ணுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு கே தவறியிருக்கும்.

இந்த மூன்று எண் வித்தியாசத்தில் என்ன இருக்கிறது? ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூச்சடக்கி மூழ்கும் விலங்குக்குத் தசையில் மயோகுளோபினை நெருக்கி அடைக்க வேண்டும். புரதத்தை அளவுமீறி நெருக்கினால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். ஒரே மின்னூட்டம் இருந்தால் ஒன்றையொன்று தள்ளும், ஒட்டாது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெரன்பிரிங்க் குழு 2013இல் இதைக் கண்டறிந்தது. நன்றாக மூழ்கும் பாலூட்டிகளில் எல்லாம், தொடர்பில்லாத கிளைகளிலும்கூட, இந்த மின்னூட்டம் தனித்தனியே உயர்ந்திருக்கிறது. அவர்கள் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் முதலியவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள், முதல் சுற்றில் நமக்கு அது வேண்டாம். அதே கணக்கை வைத்துப் பின்னோக்கிப் போனபோது யானையின் மூதாதைக்கும் மின்னூட்டம் கூடுதலாக இருந்தது தெரிந்தது, அதாவது ஒருகாலத்தில் பாதி நீர்வாழ்க்கை. யானைக்கு நெருங்கிய உறவுகளில் ஒன்று கடல்பசு என்பதோடு சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியம் கொஞ்சம் குறையும்.

படி 6: செய்தியைச் சலித்துப் படியுங்கள்

2023 ஆகஸ்டில் பெருசீட்டஸ் என்ற பெயர் உலகமெல்லாம் அடிபட்டது. பெரு நாட்டில் கிடைத்த 3.9 கோடி ஆண்டு பழைய திமிங்கிலம், எடை 85 முதல் 340 டன் வரை இருக்கலாம், நீலத்திமிங்கிலத்தையே மிஞ்சியிருக்கலாம் என்றார்கள். தலைப்புகளில் 340 மட்டும் வந்தது. நம் மூன்றாம் படிக் கேள்வியைக் கேளுங்கள்: எந்த எலும்பு? 13 முதுகெலும்புகள், 4 விலா எலும்புகள், ஓர் இடுப்பெலும்பு. மண்டையோடு இல்லை. எலும்பு மிகக் கனமானது உண்மை. எலும்பின் எடையிலிருந்து உடம்பின் எடைக்குப் போகும் கணக்குதான் வில்லங்கம். அடுத்த ஆண்டே ரியோசுகே மோட்டானியும் நிக்கோலஸ் பையன்சனும் மறுகணக்குப் போட்டார்கள்: 17 மீட்டர் நீளம் என்றால் 60 முதல் 70 டன், 20 மீட்டர் என்றால் 98 முதல் 114 டன். நீலத்திமிங்கிலம் பட்டத்தை இழக்கவில்லை.

முதல் குழு ஏமாற்றியதாக நினைக்கக் கூடாது. வீச்சு 85இல் தொடங்குகிறது என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். மேல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது தலைப்புப் போட்டவர்கள். எண் எதைக் கண்டாலும் அதன் கீழ்வரம்பையும் தேடுங்கள். அப்புறம், அது இதழில் வந்த கட்டுரையா, அல்லது சக ஆய்வாளர்கள் பரிசீலிக்கும் முன்பே பயோஆர்க்கைவ் போன்ற தளத்தில் ஏற்றிய முன்பதிப்பா என்றும் பாருங்கள். முன்பதிப்பு தப்பல்ல, தீர்ப்பு வராத வழக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்கும் வரிசை: சுருக்கம், பிறகு படங்கள், பிறகு கடைசியில் தங்கள் முடிவின் வரம்புகளை அவர்களே சொல்லும் பகுதி. நடுவில் உள்ள முறைகளை முதல் வாசிப்பில் விட்டுவிடலாம். கட்டணம் கேட்டால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பலரும் மகிழ்ச்சியாக அனுப்பிவிடுவார்கள்.

எலும்பே இல்லாத இடத்தில் மரபணுச் சாட்சி மட்டும் வைத்து எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று பார்க்க, விலங்குகளின் முதல் கிளை பற்றிய சண்டையைத் தேடிப் படியுங்கள். எல்லா விலங்குகளிலும் முதலில் பிரிந்தது கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லியா? 2008இலிருந்து ஓயவில்லை. 2023இல் டேரின் ஷுல்ட்ஸ் குழு மரபணுக்களின் எழுத்தை விட்டுவிட்டு, அவை குரோமோசோம்களில் எவை எவற்றோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்துச் சீப்பு ஜெல்லி என்றது. அதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. ஆரம்பத்தில் இதற்குள் போகாதீர்கள், ஆறு மாதம் கழித்துப் போங்கள்.

படி 7: கண்முன்னே நடப்பதையும் பாருங்கள்

திமிங்கிலக் கதை கோடிக்கணக்கான ஆண்டுகள் என்பதால், பரிணாமம் என்றாலே பழங்கதை என்று தோன்றிவிடும். அதற்கு மாற்று மருந்து ஸ்டிக்கில்பேக், முதுகில் மூன்று முள் உள்ள, விரல் நீள மீன். கடலில் வாழ்பவற்றுக்குப் பக்கவாட்டில் கவசம் போல எலும்புத் தகடுகள் வரிசையாக இருக்கும். பனியுகம் முடிந்தபோது ஏரிகளுக்குள் வந்தவை பல இடங்களில் தனித்தனியே அந்தத் தகடுகளைக் குறைத்துக்கொண்டன.

அலாஸ்காவில் லோபெர்க் என்ற ஏரியின் மீன்களை 1982இல், தூண்டில்காரர்களுக்காக வேறு மீன் விட வேண்டி, மருந்து போட்டுக் கொன்றார்கள். சில ஆண்டுகளில் கடல் ஸ்டிக்கில்பேக்குகள் தாமாக உள்ளே வந்துவிட்டன. மைக்கேல் பெல் 1990இலிருந்து ஆண்டுதோறும் மீன் பிடித்து எண்ணினார். தொடக்கத்தில் கிட்டத்தட்ட எல்லாம் முழுக்கவச மீன்கள், இருபது ஆண்டுக்குள் அவை சிறுபான்மை. 1964 நிலநடுக்கத்தில் கடலுக்கு மேலே உயர்ந்த மிடில்டன் தீவின் குளங்களிலும் 50 ஆண்டுக்குள் இதே மாற்றம் நடந்திருக்கிறது.

இவ்வளவு வேகம் எப்படி? ஸ்டான்ஃபோர்டின் டேவிட் கிங்ஸ்லி குழு 2005இல் விடை சொன்னது. கவசத்தைக் குறைக்கும் மரபணு வடிவம் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. கடல் மீன்களிடையே மிகச் சிலவற்றில் அது ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. விதைநெல் மாதிரி. ஏரி கிடைத்ததும் முளைக்கிறது.

படி 8: இனி நீங்களாகவே

இவ்வளவு ஆன பிறகு எதை எடுத்தாலும் பயமிருக்காது. நான் அடுத்ததாகச் சொல்வது நைட்ரோபிளாஸ்ட். 1998இல் ஜொனாதன் செர் பசிபிக் நீரில் ஒரு நுண்ணுயிரின் டிஎன்ஏ துண்டைக் கண்டார். அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் வகை. அது ஒரு பாசிக்குள் வாழ்கிறது என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்க்க ஜப்பானின் கியோகோ ஹகினோ 300 தடவைக்கு மேல் கடல்நீர் எடுத்து, பத்தாண்டுக்கும் மேல் போராடினார். 2024இல் முடிவு வந்தது: உள்ளே இருப்பது இனி விருந்தாளி அல்ல, பாசியின் உறுப்பே ஆகிவிட்டது. மைட்டோகாண்ட்ரியா மாதிரி. சந்தேகமிருந்தால் உங்கள் நோட்டுக் கேள்விகளை அந்தக் கட்டுரையிடமும் கேட்டுப் பாருங்கள்.

கரையோரம் வாழ்கிறவர்கள் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பார்த்ததைப் படத்தோடு ஏற்றலாம், பெயர் சரிபார்க்க வோர்ம்ஸ் என்ற கடல் உயிர்ப் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. ஓர் எச்சரிக்கை: கரை ஒதுங்கிய திமிங்கிலம், ஓங்கில், கடல்பசுவின் எலும்பையோ பல்லையோ ஞாபகத்துக்கு என்று எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அம்பர்கிரிஸும் அப்படியே. வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று படம் எடுங்கள்.

எலும்பைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசையென்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. எல்லோரும் தலைப்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் முன்துடுப்பின் பக்கம் போங்கள். தோளிலிருந்து ஓர் எலும்பு, அதன் கீழ் இரண்டு, அப்புறம் மணிக்கட்டு, விரல்கள். உங்கள் கையைப் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணி வாருங்கள். மணிக்கட்டு வரை கணக்கு ஒத்துப்போகும். விரலுக்கு வந்ததும் உங்களுக்கு மூன்று கணு, அதற்கு நடுவிரல்களில் அதைவிடக் கூடுதல்.